வசீலா ஆள் எண்ணுவதில்லை

கடலோரத்து மொக்னீன் ஊரில் எங்கள் தையல் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் வசீலா அக்காவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஜீன்ஸ் பின்பாக்கெட்டை அவளைப் போலக் கோணாமல் தைக்க ஆளில்லை என்பது ஒன்று. அவள் ஆள் எண்ண மாட்டாள் என்பது மற்றொன்று.

நான் பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பின்னால் மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து தைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. அதனால் பார்த்துக்கொண்டே இருப்பேன், அதிலும் வசீலாவின் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் அவள் கழுத்து முன்னால் நீளும். சந்தோஷம் வந்தால் வலது தோள் மட்டும் லேசாக ஆடும்.

அவள் பதினாறு வயதில் வேலைக்கு வந்தாள். இருபத்து நான்கில் கல்யாணம், முப்பத்தொன்பதில் கணவன் இறந்துவிட்டார். ஒரே மகன் சூஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு நாப்பத்திரண்டு வயசு. இன்னும் ஸ்பாக்ஸ் ஊரைக்கூடப் பார்த்ததில்ல. உங்கள்ல யாராவது பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. ஸ்பாக்ஸ் இரண்டு மணி நேரப் பயணம்தான்.

அடுத்த வசந்தத்தில் அவள் எங்கள் ஊர் பஸ் டிரைவர் லஸாத் அண்ணனின் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தாள். கடற்கரையோரமாகவே தெற்கே ஜெர்பா தீவு வரை போவது, ஓர் இரவு தங்குவது, மறுநாள் திரும்புவது. அவளுடைய தம்பி தெருவில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்: "வீட்டுக்குப் பின்னாலயே கடல் இருக்கு. காசு குடுத்து இன்னொரு கடலைப் பார்க்கப் போறியா? அங்க தண்ணி என்ன சிவப்பாவா இருக்கும்?"

"இந்தக் கடல்ல நான் உன் மீன் கூடையைக் கழுவுறேன்," என்றாள் வசீலா. "அந்தக் கடலை சும்மா பார்த்துட்டு வரலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் போகிறோம். எங்களில் பாதிப் பேருக்கு வருஷத்தில் வீட்டைவிட்டு வெளியே தங்குகிற ஒரே இரவு அதுதான். அப்பாக்களும் கணவர்களும் விடுவதற்கு ஒரே காரணம் வசீலா கூட வருகிறாள் என்பது.

எண்ணாத விஷயத்துக்கு வருகிறேன். ஆட்களை ஒன்று இரண்டு என்று விரல் நீட்டி எண்ணினால் கண் படும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் பயம் உண்டு. வசீலாவுக்கு அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. தொழிற்சாலையில் எங்களை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். மணிக்கு எத்தனை பாக்கெட், கழிப்பறைக்கு எத்தனை நிமிஷம், எத்தனை ஊசி உடைந்தது. "ஆறு நாள் எண்ணுறானுங்க. ஏழாவது நாளும் என் பஸ்ல ஏறி எவளாவது எண்ணினா, அவளை ஸ்பாக்ஸ்லயே இறக்கி விட்டுருவேன்," என்பாள்.

அதற்குப் பதிலாக அவளிடம் ஒரு வழி இருந்தது. வருகிறேன் என்று சொல்பவள் ஒவ்வொருத்தியும் வசீலாவின் கண்ணாடி ஜாடியில் ஒரு கொண்டைக்கடலையைப் போட வேண்டும். கிளம்புவதற்கு முன் அந்தக் கடலைக்கு ஈடாக ஒவ்வொன்றாக வைத்து முட்டை வேகவைப்பாள், ஆரஞ்சு வாங்குவாள். கடலையை ஒரு துணியில் முடிந்து, காபெஸ் ஊரில் வெங்காய ரொட்டி சுடும் ஒரு அம்மாளுக்கு முதல் நாளே ஆள் மூலம் அனுப்பிவிடுவாள். அந்த அம்மாள் ஒரு கடலைக்கு ஒரு ரொட்டி என்று சுட்டு வைத்திருப்பாள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறிய பிறகு கூடை முன்னாலிருந்து பின்னால் போகும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். கூடை காலியாகத் திரும்பினால் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒன்று மிஞ்சினால் ஒருத்தி இன்னும் கீழே நிற்கிறாள். லஸாத் அண்ணன் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவார், அவருக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. பதினோரு வருஷம் ஒருத்திகூடத் தவறியதில்லை.

போன வருஷம் தொழிற்சாலை நலக் குழுவுக்கு நசீஹா தலைவியாக வந்தாள். முப்பத்து நான்கு வயது, அலுவலகத்தில் வேலை, நல்ல பெண், எதையும் தாளில் எழுதி வைக்கிறவள். பயணத்துக்கு நலக் குழு பாதிப் பணம் கொடுக்கிறது. அதனால் அவள் வசீலாவிடம் வந்து நேராகவே பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இதை ஒரு டிராவல்ஸ்கிட்ட குடுத்துரலாம்னு குழுவுல பேச்சு வந்திருக்கு. இன்சூரன்ஸ், கைடு, பேர் லிஸ்ட்டு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க."

"எங்களுக்குப் பதிலா கடலையும் அவங்களே போய்ப் பார்த்துப்பாங்களா?" என்றாள் வசீலா. கழுத்து முன்னால் நீண்டது.

"இந்தத் தடவை நானும் வர்றேன். எல்லாம் ஒழுங்கா நடந்தா உங்ககிட்டயே இருக்கட்டும்னு நானே எழுதித் தர்றேன். ஏதாவது தப்பு நடந்தா டிராவல்ஸ்தான். சரியா?"

வசீலா சரியென்றாள். நசீஹாவிடம் ஜாடியை நீட்டினாள். நசீஹா சிரித்துக்கொண்டே ஒரு கடலையை எடுத்துப் போட்டாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, விடிந்ததும் கிளம்பினோம். வசீலா கதவுக்குப் பக்கத்தில் முதல் சீட்டில். நசீஹா கையில் லிஸ்ட்டோடு கடைசி வரிசையில். அவளுக்கு முன் வரிசையில் ஜன்னல் ஓரம் நான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் யுஸ்ராவும் ஷெத்லியாவும். யுஸ்ரா பொத்தான் தைக்கிறவள், இருபது வயது, வாய் ஓயாது. ஷெத்லியா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வருஷமாக இஸ்திரிப் பிரிவில் நீராவிக்குள் நிற்கிறவள். அவள் பயணத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. கணவரின் தாய் படுக்கையில் கிடந்த வருஷங்களில் வர முடியவில்லை.

பஸ் ஊரைத் தாண்டியதும் நசீஹா எழுந்து நின்றாள். "நாப்பத்து நாலு பேர் இருக்கணும். பேரைக் கூப்பிடுறேன், சொல்லுங்க."

எண்ணிக்கையைக் கேட்டதும் பஸ் முழுக்க எல்லோரும் ஐந்து விரலையும் விரித்துக் கையை நீட்டினார்கள், கண் படாமலிருக்க. யாரோ முன்னாலிருந்து, "நம்பர் சொல்லிட்டா. இனி டயர் வெடிக்கும்," என்றாள்.

"வெடிக்காது," என்றார் லஸாத் அண்ணன். "புது டயரு. இந்தப் பொண்ணு நூறுன்னு சொன்னாலும் தாங்கும்."

நசீஹா சிரித்துக்கொண்டே பெயர்களைக் கூப்பிட்டாள், முட்டைக் கூடையும் போனது. இரண்டும் சரியாக வந்தன. ஸ்பாக்ஸில் மீன் சந்தை பார்த்துவிட்டு ஏறியபோது லிஸ்ட்டும் ஆரஞ்சுக் கூடையும் மறுபடி சரியாக வந்தன. காபெஸில் வெங்காய ரொட்டிக் கூடை சுடச்சுட ஏறியது. கொழுப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்ந்த அந்த வாசனையில் மேளம் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஆனால் வசீலா தர மாட்டாள். தீவுப் படகு கரை சேரும் சமயத்தில்தான் ரொட்டி. அது அவள் வழக்கம்.

ஜோர்ஃப் துறையில் பஸ் படகுக்குள் ஏறியது. கார், லாரி, பஸ் எல்லாவற்றையும் நெருக்கி நிறுத்தி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டைப் படகு அது. எல்லோரும் இறங்கினோம். காற்றில் தலைத்துணிகள் பறந்தன. ஷெத்லியா அக்கா இரும்புப் படியைப் பிடித்து மேல்தட்டுக்கு ஏறிப்போவதைப் பார்த்தேன். முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படியாக நின்று ஏறினாள். கைப்பையைப் பஸ்ஸிலேயே வைத்திருந்தாள்.

அக்கரை நெருங்கியதும் லஸாத் அண்ணன் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஓடி வந்து ஏறினோம். கடைசியில் இருந்த என்னையும் நசீஹாவையும் தவிர யாரும் பழைய சீட்டில் உட்காரவில்லை, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நசீஹா பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே சத்தம், சிரிப்பு, மேளம். "ஷெத்லியா," என்று கூப்பிட்டபோது யுஸ்ரா, "இருக்கேன்," என்று குரல் கொடுத்தாள். தொழிற்சாலையில் காலையில் பெயர் கூப்பிடும்போது, பக்கத்து மெஷின்காரி இன்னும் உடை மாற்றிக்கொண்டிருந்தால் நாங்கள் செய்வது அதுதான். பழக்கத்தில் வந்துவிட்டது. அக்கா பின்னால் எங்கோ உட்கார்ந்திருப்பாள் என்று அவள் நினைத்தாள்.

ரொட்டிக் கூடை பின்னால் வந்தது. நான் ஒன்று எடுத்துக்கொண்டு நசீஹாவிடம் தள்ளினேன். அவள் தனக்கு எடுத்தாள். கூடையில் இன்னும் ஒன்று இருந்தது.

பஸ்ஸை ஒட்டி ஒரு சின்னக் கார் நின்றது. அதில் நிறைமாதமாக ஒரு பெண். அவள் ஜன்னல் வழியே எங்கள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் இறங்கி வந்து, நசீஹாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று தலையைச் சொறிந்தான்.

"தங்கச்சி, கேக்க வெக்கமாத்தான் இருக்கு. வாசனை அவளுக்கு எட்டிருச்சு. ஒரு துண்டு இருந்தா போதும்."

பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் குழந்தையின் உடம்பில் அதே உருவத்தில் மச்சம் விழும் என்பார்கள். என் சித்தப்பா மகனுக்குத் தோளில் ஒரு அத்திப்பழம் இருக்கிறது. எண்ணினால் கண் படும் என்பதைக் கேட்டுச் சிரித்த நசீஹா இதற்குச் சிரிக்கவில்லை. கூடையில் மிஞ்சியிருந்த ரொட்டியை முழுதாக எடுத்துக் கொடுத்தாள். "முழுசாவே சாப்பிடச் சொல்லுங்க அண்ணே. கடைக்காரம்மா ஒண்ணு அதிகமாப் போட்டிருக்காங்க போல."

மிஞ்சுவது முன்னால் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கூடை காலியாக முன்னால் போய்விட்டது. லிஸ்ட்டும் சரியாக இருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பஸ் இறங்கிப் புறப்பட்டது.

தீவிலுள்ள ஹூம்த் சூக் சந்தையில்தான் தெரிந்தது. யுஸ்ரா ஒரு மஞ்சள் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு, "ஷெத்லியா அக்காவுக்கு இது நல்லா இருக்கும். எங்க அவங்க?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. கைபேசியில் கூப்பிட்டாள். சந்தை வாசலில் பூட்டி நின்ற பஸ்ஸில், அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

வசீலாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. "கூடை காலியா வந்துச்சே," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"லிஸ்ட்டுலயும் டிக் போட்டிருக்கேன்," என்றாள் நசீஹா. தாளைத் திருப்பிக் காட்டினாள்.

யுஸ்ரா அழ ஆரம்பித்தாள். "நான்தான் அக்கா இருக்கேன்னு சொன்னேன். வாய் தானா வந்துருச்சு."

யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் எப்போதாவது அதைச் செய்தவர்கள்தான். லஸாத் அண்ணன் ஏற்கெனவே என்ஜினைப் போட்டிருந்தார். பஸ் துறையை நோக்கித் திரும்பியது. அரைமணி நேர வழியில் யாரும் பாடவில்லை. வசீலா படிக்கட்டில் நின்றபடியே வந்தாள். நசீஹா முன்னால் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இதை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுது. முதல்ல அவ கிடைக்கட்டும். ஷெத்லியா புருஷன்கிட்ட நான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். டிராவல்ஸ் நாளைக்கு வரட்டும், யாரு வேணும்னாலும் வரட்டும்." பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, "கடலையை முடியும்போது ஒண்ணு கீழ விழுந்திருக்கும். என் கை தப்பு," என்றாள்.

முன்னால் கிடைத்த சீட்டில் இருந்த எனக்கு அதைக் கேட்டு உட்கார முடியவில்லை. துறையில் இறங்கியதும், மற்றவர்கள் தண்ணீர் ஓரம் ஓடியபோது நான் வசீலாவின் கையைப் பிடித்து இழுத்தேன். நடந்ததைச் சொன்னேன். பிள்ளைத்தாச்சி, கணவன், ரொட்டி எல்லாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன் அக்கா. சொல்ல வந்தேன். வாய் வரல."

"இப்பவும் சொல்லாத," என்றாள். "வயித்துப் பிள்ளைக்காரிக்குக் குடுத்த ரொட்டியைத் திருப்பிக் கணக்குக் கேக்குறது நல்லதில்ல. நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்."

"அப்ப தப்பு உங்க மேல விழுமே."

"விழட்டும். வாயை மூடு."

படகு வந்துகொண்டிருந்தது. மேல்தட்டில் கம்பி ஓரம் ஒரு பெஞ்சில் ஷெத்லியா அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைத்துணி கழுத்தில் கிடந்தது, நரைமுடி காற்றில் பறந்தது. கையில் ஒரு டீ கிளாஸ். பக்கத்தில் படகின் கயிறு கட்டுகிற வயதான ஆள் நின்று எதையோ காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கரையில் நின்று ஒன்றாகக் கத்துவதைப் பார்த்து அவள் கை அசைத்தாள்.

இறங்கி வந்ததும் யுஸ்ரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஷெத்லியா கேட்டாள்: "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

"அக்கா, பயந்து செத்துட்டோம். எங்க போனீங்க?"

"எங்கயும் போகல. படகுதான் போச்சு, வந்துச்சு. அஞ்சு தடவை."

"பஸ் கிளம்புறதைப் பார்க்கலயா?"

"பார்த்தேன்." அவள் டீ கிளாஸை அந்த ஆளிடம் திருப்பிக் கொடுத்தாள். "மேல இருந்து பார்த்தேன். இறங்கணும்னா முழங்கால் ஒத்துக்கல. சரி, வசீலா திரும்பி வராம இருக்க மாட்டா, அதுவரைக்கும் இன்னொரு தரம் போய்ட்டு வருவோம்னு உட்கார்ந்துட்டேன். அந்தக் காத்து இருக்கே..." தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இருபத்தேழு வருஷமா இந்த மூஞ்சியில ஆவிதான் அடிச்சிருக்கு."

லஸாத் அண்ணன், "இவங்களுக்கு டிக்கெட் எடுக்காமலே அஞ்சு தடவையா? நான் இத்தனை வருஷமா வர்றேன், என்னை ஒரு தடவைகூட மேல உட்கார விட்டதில்ல," என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். வசீலா மட்டும் சிரிக்கவில்லை. ஷெத்லியாவின் பறந்த முடியைத் தலைத்துணிக்குள் தள்ளிக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

தங்குமிடத்தின் முற்றத்தில் இருட்டுவதற்கு முன் மீன் போட்ட குஸ்குஸ் ரவைச் சோறு பரிமாறினார்கள். நசீஹா சாப்பிடவில்லை. தாளில் ஏதோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். பிறகு எழுந்து வசீலாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தக் காபெஸ் அம்மா எப்பவாவது ஒரு ரொட்டி அதிகமாப் போட்டுக் குடுப்பாங்களா?"

வசீலா மீன் முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தாள். "அவளா? பதினோரு வருஷத்துல ஒரு மிளகாய்கூட அதிகமாப் போட்டதில்ல. கஞ்சப்பிசிநாறி."

நசீஹாவின் காது சிவப்பதை நான் பார்த்தேன். வசீலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். நசீஹா இப்போது எழுந்து போய்ப் படுத்துவிட்டால் மற்ற யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் எழுதுகிற தாள்தான் நிற்கும், பயணம் டிராவல்ஸ்காரர்களிடம் போய்விடும்.

அவள் எழுந்தாள். ஒரு கரண்டியால் கிளாஸைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. கூடையில ஒரு ரொட்டி மிஞ்சிச்சு. நான்தான் அதை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்தேன். வசீலா அக்கா கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. என் லிஸ்ட்டுதான் தப்பு."

மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "ஏண்டி, அந்த மச்சக் கதையெல்லாம் நீ நம்புறியா? படிச்சவளாச்சே."

"நம்பல," என்றாள் நசீஹா. "ஆனா அந்தப் பிள்ளை நாளைக்கு நெத்தியில வெங்காய ரொட்டியோட பிறந்தா நீயா வந்து பதில் சொல்வ?"

சிரிப்பு அடங்க நேரமானது. அது அடங்கும்வரை வசீலா காத்திருந்தாள்.

"நசீஹா சொன்னதுல பாதிதான் சரி," என்றாள். "கூடையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல. ரொட்டி இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு, ஷெத்லியா மூஞ்சி எங்கன்னு பார்க்காம விட்டுட்டேன். அது என் தப்பு. உன் தாள்ல அதையும் எழுது."

"எழுதணுமா அக்கா?"

"எழுது. ஒளிச்சு வெச்சு எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் திரும்பும் படகில் ஷெத்லியா முதல் ஆளாக மேல்தட்டுக்கு ஏறினாள். இந்தத் தடவை நாலைந்து பேர் அவளோடு ஏறினார்கள், அவளை இறக்குவதற்கென்றே. எல்லோரும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வசீலா கூடை எதையும் எடுக்கவில்லை. கதவிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்தாள். ஒவ்வொருத்தியிடமும் நின்று, முகத்தைப் பார்த்து, பெயரைச் சொன்னாள். பெயரோடு ஒரு வார்த்தையும். ஒருத்தியிடம், "உன் சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" இன்னொருத்தியிடம், "நேத்து அவ்வளவு அல்வா வாங்கினியே, கொஞ்சமாவது ஊருக்கு வந்து சேருமா?" என்னிடம் வந்தபோது, "ஹயாத்," என்றாள். தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

படகு கரையில் முட்டி, முன்னால் இருந்த கார்கள் எல்லாம் இறங்கியும், அவள் இன்னும் நடுவரிசையைத் தாண்டவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். லஸாத் அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இருப்பா, விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க," என்றார்.

கடைசி வரிசைக்கு வந்தாள். "நசீஹா."

"இருக்கேன் அக்கா," என்றாள் நசீஹா. லிஸ்ட்டு அவள் கையில் இல்லை.

மே மாதம் நலக் குழுவின் கூட்டம் நடந்தது. நசீஹா நடந்ததில் ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தாள், தன் ரொட்டியையும் யுஸ்ராவின் குரலையும் வசீலாவின் தப்பையும் சேர்த்து. அடியில், பயணத்தை வசீலாவே தொடர்ந்து நடத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒன்றிரண்டு பேர் முனகினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். கணக்கர் அடுத்த வருஷத்துக்கான படிவத்தை எடுத்து, "எத்தனை பேர்னு போடணும்," என்றார்.

"போறவங்க எல்லாரும்னு போடுங்க," என்றாளாம் நசீஹா.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்கள் பிரிவுக்கு வந்து வசீலாவின் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். வசீலா தலையைக்கூடத் திருப்பவில்லை. மெஷினில் ஒரு பாக்கெட் பாதியில் இருந்தது, அதை முடித்தாள். பின்னால் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது தோள் ஆடியது.